மூலையில் நின்ற குதிரை

"கையை எண்ணுங்க!"

காலை பத்து மணிக்கு எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்த மனிதர் முதலில் சொன்னது இதைத்தான். வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை, நான் நீட்டிய தேநீர்க் கிண்ணத்தின் மேல் ஒரு பார்வைகூட இல்லை. மேஜையில் இருந்த ரொட்டியை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, இரண்டு பெரிய வண்ணப் பிரதிகளைப் பக்கத்துப் பக்கத்தில் விரித்தார்.

நான் என் கைகளை எண்ணினேன். இரண்டும் பத்திரமாக இருந்தன.

"உன் கையை இல்லப்பா! படத்துல இருக்கற கையை!"

"மக்சாத், நீ கொஞ்சம் சும்மா இரு" என்று என்னை அடக்கினார் உல்கான் எஜே, ரொட்டியை எடுத்து மரியாதையாகத் தட்டில் வைத்தபடி.

உல்கான் எஜே என் முதலாளி. பிஷ்கெக் நகரத்தில் பாதிப் பேருக்கு அவர் எஜே, அதாவது அக்கா. மீதிப் பேர் அவரைக் கண்டால் அடுத்த தெருவில் திரும்பிவிடுவார்கள். முப்பது வருஷம் ஒரு கிர்கிஸ் நாளிதழில் பிழை திருத்துபவராக இருந்தவர். நாளிதழை இழுத்து மூடிய பிறகு மனிதர்களைத் திருத்தக் கிளம்பிவிட்டார். இறைச்சி சம்சா விற்கும் கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை, கதவில் 'துப்பறியும் நிலையம்' என்று ஒரு பலகை. நான் அவருடைய உதவியாளன். அதற்கு முன் பதினாறு வருஷம் கல்யாண வீடியோ எடுத்தேன். மணப்பெண் அழும்போது எந்தக் கோணத்தில் நின்றால் மாமியார் படத்துக்குள் வரமாட்டார் என்பது எனக்கு அத்துப்படி. துப்பறிய இது போதும் என்று எஜே முடிவு செய்து, எனக்கு நாற்பத்தோராவது வயதில் புது வாழ்வு கொடுத்தார்.

வந்தவரிடம் பதிவுச் சீட்டை நீட்டினேன். எங்கள் ஊரில் பாதிச் சீட்டுகளைப் போல அதுவும் ரஷ்ய மொழியில் அச்சாகியிருந்தது. அவர் பேனாவை எடுத்தார். 'பெயர்' என்பதற்கான ரஷ்யச் சொல்லை இரண்டு கோடு போட்டு அடித்தார். அதன் மேல் கிர்கிஸில் 'அத்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். எதிரே 'கெங்கேஷ், ஓவியர்' என்று நிரப்பினார்.

"நம்ம மொழில சொல்லா இல்ல? வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

"பழைய ஸ்டாக்" என்றார் எஜே. "உக்காருங்க கெங்கேஷ் பாய்கே. யாரோட கை?"

பாய்கே என்றால் அண்ணன். அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். உட்கார்ந்தார், கதையைச் சொன்னார்.

நகரத்தில் புதிதாகக் கட்டி முடித்திருக்கும் மகப்பேறு மருத்துவமனையின் முன்சுவர் நாற்பது மீட்டர் நீளம். அதில் எதை வரைவது என்பதற்கு ஒரு போட்டி. விதிகள் இரண்டே இரண்டு. மனிதன் யோசித்து மனிதன் வரைந்ததாக இருக்க வேண்டும், படம் போடும் செயலிகள் கூடாது. படத்தில் வரைந்தவர் பெயர் இருக்கக் கூடாது, எண் மட்டும்தான். அறுபது படங்கள் வந்தன. வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் இரண்டு நின்றன. நின்ற இரண்டும் ஒரே படம்.

அதே மலை, அதே மேகம், அதே வெள்ளைக் கூடாரம். நாங்கள் ஜைலூ என்று சொல்லும் மலை மேய்ச்சல் வெளியில் மண்டியிட்டுக் குதிரைப்பால் கறக்கும் அதே சிவப்புச் சட்டைப் பெண். ஒன்றை வரைந்தவர் கெங்கேஷ். மற்றதை வரைந்தவள் ஐசால்கின் என்ற இருபத்தொன்பது வயதுப் பெண். ஓவியர்கள் வாடகைக்கு இருக்கும் ஒரு பழைய கட்டிடத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த அறை. ஒருவர் மற்றவரைக் காப்பியடித்திருக்கிறார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. யார், யாரை என்பதுதான் வழக்கு.

"இதுல என்ன வழக்கு?" என்றார் கெங்கேஷ். "கதவு தொறந்திருக்கறப்ப என் படத்தை போன்ல புடிச்சிருக்கா. மெஷின்ல போட்டிருக்கா. அது துப்பினதைப் பாத்து அப்படியே வரைஞ்சிருக்கா. அத்தாட்சி இதோ!"

ஐசால்கின் படத்தின் நடுவில் யாரோ சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். பால் கறக்கும் பெண்ணின் ஒரு கை குதிரையின் வயிற்றுக்கு முன்னால் இருந்தது. இன்னொரு கை குதிரையின் பின்னங்காலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. அது எந்தத் தோளிலிருந்து கிளம்பியது என்று தேடிப் பார்த்ததில் எனக்குத் தலை சுற்றியது.

"மெஷினுக்குக் கை வராது. ஆறு வெரல் போடும், மூணு கை போடும், இதுமாதிரி காலுக்கு உள்ளேருந்து கையை எடுத்து விடும். ஊருக்கே தெரிஞ்ச விஷயம். நடுவர் குழுல ஆறு பேரும் அதைத்தான் சொல்றாங்க. என் படத்தைப் பாருங்க. ரெண்டு கை. ரெண்டும் முன்னால. லட்சணமா!"

"ஆறு பேரும் சொல்லியாச்சுன்னா எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

"குழுத் தலைவி டாக்டர் நசிராவுக்கு மட்டும் மனசு முழுசா ஒப்பல. வெளியாள் ஒருத்தர் விசாரிச்சு எழுத்துல குடுக்கட்டும்னுட்டாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கடைசிக் கூட்டம். யார் படத்தை யார் திருடினாங்கன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க, போதும்."

"யார் படத்தை யார் திருடினாங்க. அப்படியே எழுதிக்கோ மக்சாத்."

எழுதிக்கொண்டேன்.

எஜே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கெங்கேஷின் படத்தை வலது கீழ் மூலையிலிருந்து பார்க்க ஆரம்பித்தார். அவர் எதையும் கடைசியிலிருந்துதான் பார்ப்பார். கடைசிச் சொல்லிலிருந்து மேலே போனால் கதையில் மயங்காமல் எழுத்து மட்டும் கண்ணில் படும் என்பது அவருடைய பழைய தொழில் ரகசியம். அந்த மூலையில், புல்லுக்கு நடுவே, கட்டை விரல் உயரத்தில் சேணம் போட்ட ஒரு குதிரை தனியாக நின்றது. ஐசால்கினின் படத்தில் அதே மூலையில் வெறும் புல்தான் இருந்தது.

"இது என்ன பாய்கே?"

கெங்கேஷின் முகம் மலர்ந்தது. "அதுதான் இந்தப் படத்தோட உயிரே! குழு மொத்தமும் அதைத்தான் தூக்கி வச்சுக் கொண்டாடிச்சு. தனிமை! ஏக்கம்! நம்ம இனத்தோட ஆன்மா! அவளால காப்பியடிக்க முடியாத ஒரே விஷயம் அது."

எஜே ஆன்மாவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "ம்" என்றார்.

அவர் "ம்" என்றால் எனக்கு அன்று மதியச் சாப்பாடு கிடையாது என்று அர்த்தம்.

*

ஐசால்கின் தன் தூரிகைகளை ஆப்பிள் பெட்டி ஒன்றில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அறையின் சுவர்கள் காலியாக இருந்தன.

"நீங்களும் கையை எண்ண வந்தீங்களா?"

"நான் எண்ணிட்டேன். ரெண்டுதான்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவை சில இடங்களில் எடுபடாது, கல்யாண வீடுகளிலும் இதே கதைதான்.

"காலி பண்றியாம்மா?" என்றார் எஜே.

"அஞ்சு மணிக்கு மெஷின் படம்னு எழுதிடுவாங்க எஜே. சுவர் போனா போகட்டும். அதுக்கப்புறம் நான் ஒரு பூனையை வரைஞ்சாகூட, 'இது நீயே வரைஞ்சதா?'ன்னுதான் மொதல்ல கேப்பாங்க. நான் சாகற வரைக்கும் கேப்பாங்க. மூணு வாரமா காலைல எந்திரிச்சதும் என் கையையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். எனக்கே சந்தேகம் வந்துடும் போல இருக்கு."

"அந்தக் கை ஏன் காலுக்குப் பின்னாலேருந்து வருது?"

"பால் கறக்க."

"அது தெரியுது. ஏன் அங்கேருந்து?"

"வேற எங்கேருந்து வரும்?" அவள் குரல் உயர்ந்தது. உடனே அடங்கியது. "கறந்தவங்க யாரையாவது கேளுங்க. நான் சொன்னா கெஞ்சற மாதிரி இருக்கும். என் கைக்கு நானே சாட்சி சொல்ல மாட்டேன்."

வெளியே நடைவழிக்கு வந்ததும் எஜே நின்றார்.

"மக்சாத், நீ குதிரைப்பால் கறந்திருக்கியா?"

"குடிச்சிருக்கேன் எஜே. பாட்டில்லேருந்து."

"நானும் அஞ்சாவது மாடில பொறந்தவ. கறவைங்கற சொல்லை எப்படி எழுதணும்னு தெரியும். எப்படிக் கறக்கணும்னு தெரியாது. அந்தக் குழு ஆறு பேரும் நம்ம ஜாதிதான். தெரியாதவங்களே ஒருத்தருக்கொருத்தர் தலையாட்டிக்கிட்டு வட்டம் போட்டிருக்காங்க. வண்டியை எடு."

*

சுங்குர்சாக் பள்ளத்தாக்குக்கு என் ஹோண்டா முக்கி முனகி ஏறியது. ஜூன் மாதம். மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சாலையோரக் கூடாரத்தில் கிமிஸ் விற்கும் அனார்கான், நாற்பது வயது, ஒரு கண்ணால் போனில் தொடர் நாடகமும் மறு கண்ணால் சாலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடாரத்துக்குப் பின்னால் தரையோடு இழுத்துக் கட்டிய நீளக் கயிற்றில் குதிரைக் குட்டிகள் வரிசையாக நின்றன.

கிமிஸ் என்ற புளித்த குதிரைப்பாலை இரண்டு கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்தாள். நான் என் கிண்ணத்தை முடித்துவிட்டு, விசாரணையின் நலனுக்காக இன்னொன்று வாங்கினேன். எஜே ஐசால்கினின் படத்தை விரித்தார்.

"இந்தக் கை தப்பா இருக்கா பாருங்க."

அனார்கான் நாடகத்தை நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்தாள். "எந்தக் கை?"

"வட்டம் போட்ட கை."

"இதுல என்ன தப்பு? ஒரு கையைப் பின்னங்காலுக்குப் பின்னால விட்டு வளைச்சாத்தானே மடி எட்டும்? யாரு வட்டம் போட்டது, டவுன் ஆளா?" அவள் விரல் படத்தின் மேல் ஓடியது. "இவ கறந்தவ எஜே. வாளியைத் தொடை மேல வச்சிருக்கா. வாளிக் கயித்தைக் கைல மாட்டியிருக்கா. குட்டியை முன்னால நிறுத்தியிருக்கா பாருங்க. குட்டி பக்கத்துல இல்லாம எந்தக் குதிரை பாலை எறக்கும்?"

"செஞ்சு காட்டுவீங்களா? இவர் படம் எடுப்பார்."

அனார்கான் ஒரு குட்டியை அவிழ்த்து வந்தாள். குட்டி நாலு வாய் குடித்ததும் தள்ளி நிறுத்தினாள். மண்டியிட்டாள், வாளியைத் தொடையில் ஏற்றினாள். அவளுடைய ஒரு கை குதிரையின் பின்னங்காலுக்குப் பின்னால் போய் மறைந்து, மடிக்குக் கீழே வந்து முளைத்தது. ஐசால்கினின் படம் அப்படியே உயிரோடு என் போனுக்குள் இருந்தது. பதினாறு வருஷத்தில் யாரும் அழாமல் நான் எடுத்த முதல் வீடியோ இதுதான்.

எஜே இரண்டாவது படத்தை எடுத்துக் காட்டினார். அனார்கான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மாடு கறக்கற மாதிரி உக்காந்திருக்கா! குட்டியையும் காணோம். இந்தக் குதிரை விடற ஒதைல இவ வாளியோட பிஷ்கெக்ல போய் விழுவா." சிரிப்பு அடங்கியதும் அவள் கண் மூலைக்குப் போனது. "சரி, கறவைக்கு நடுவுல இது எங்கேருந்து வந்துச்சு? சேணம் போட்டிருக்கு, ஆளைக் காணோம். இது யாரோட அத்?"

வாய்க்குக் கொண்டுபோன கிண்ணத்தோடு எஜேயின் கை அந்தரத்தில் நின்றது.

"என்ன கேட்டீங்க?"

"இது யாரோட அத்துன்னு கேட்டேன்."

சவாரிக் குதிரையை நாங்கள் அத் என்போம். பால் தரும் பெண் குதிரைக்கு வேறு சொல், குட்டிக்கு வேறு சொல். இதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. எஜே கிண்ணத்தைக் கீழே வைத்தார். கிமிஸை மீதம் வைத்ததுதான் எனக்கு அதிர்ச்சி.

மலை இறங்கும் வழியெல்லாம் அவர் தனக்குத் தானே சிரித்துக்கொண்டு வந்தார்.

"என்ன எஜே?"

"எழுத்துப்பிழைடா. முப்பது வருஷத்துல இவ்வளவு அழகான பிழையை நான் பாத்ததே இல்ல."

"அந்தப் படத்துல ஒரு எழுத்துகூட இல்லையே!"

"அதான்டா அழகு."

*

ஐந்து மணிக்கு மருத்துவமனைக் கூடத்தில் இரண்டு ஓவியங்களும் தாங்கிகளில் நின்றன. மேஜைக்குப் பின்னால் குழுவின் ஆறு பேர், நடுவில் டாக்டர் நசிரா. கெங்கேஷ் புது வெள்ளைத் தொப்பி போட்டு முன்வரிசையில் இருந்தார். கடைசி வரிசையில் ஐசால்கின், இரண்டு கைகளையும் ஜாக்கெட் பைக்குள் புதைத்துக்கொண்டு.

முதலில் என் வீடியோ ஓடியது. ஒரு நிமிஷம்தான். முடிந்ததும் கூடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. டாக்டர் நசிராதான் முதலில் சிரித்தார்.

"இருபத்தாறு வருஷமா பிரசவம் பாக்கறேன். கை எங்கேருந்தெல்லாம் வரும்னு எனக்குத் தெரியாதா? நானே வட்டம் போட்டேனே, என்னைச் சொல்லணும்!"

கெங்கேஷ் எழுந்துவிட்டார். "மெஷின் போட்டது தற்செயலா சரியா வந்திருக்கு! அதனால அவ வரைஞ்சதுன்னு ஆயிடுமா?"

நேற்றுவரை தப்பாக வந்ததால் மெஷின், இப்போது சரியாக வந்ததாலும் மெஷின். இவருக்கு அரசியலில் நல்ல எதிர்காலம் உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆகாதுதான்" என்றார் எஜே சாந்தமாக. எழுந்து போய் கெங்கேஷின் ஓவியத்துக்குப் பக்கத்தில் நின்றார். "பாய்கே, எனக்கு ஒரே ஒரு கேள்வி." வலது கீழ் மூலையில் விரலை வைத்தார். "இது யாரோட அத்?"

ஆறு பேர் கண்ணும் அந்தக் குதிரைக்குப் போனது. என் கண்ணும்தான்.

"அங்க பேரே இல்லையே!" என்று பாய்ந்தார் கெங்கேஷ். "விதி எனக்குத் தெரியாதா? ஒரு எழுத்துகூட அங்க வரல!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் மொழியில் அத் என்றால் சவாரிக் குதிரை. பெயருக்கும் அதே சொல்தான், அத். பிறந்ததிலிருந்து இரண்டையும் ஒரே வாயால் சொல்லிக்கொண்டு, ஒரு நாளும் குழம்பாமல் நாற்பத்தொரு வருஷம் ஓட்டியிருக்கிறேன். எதிரே குதிரை நின்றால் குதிரை, காகிதம் இருந்தால் பெயர். எந்தக் கிர்கிஸ்காரனும் அப்படித்தான்.

"நான் குதிரையைத்தான் கேட்டேன் பாய்கே" என்றார் எஜே. "இத்தனை பேரும் குதிரையைத்தான் பாத்தாங்க. அங்க நிக்கறது குதிரைதானே? நீங்க மட்டும் ஏன் பேரைத் தேடுனீங்க? 'வரல'ன்னு வேற சொல்றீங்க. எங்கேருந்து வரல?"

கெங்கேஷ் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"மக்சாத், உன் போன்ல படம் போடற செயலி இருக்கா? நான் சொல்றதைக் கிர்கிஸ்ல அப்படியே அடி. 'ஜைலூவுல ஒரு சிவப்புச் சட்டைப் பொண்ணு குதிரைப்பால் கறக்கறா. வலது கீழ் மூலையில கெங்கேஷோட அத் போடு.'"

அடித்தேன். பதினோரு வினாடி. திரையில் ஒரு சிவப்புச் சட்டைப் பெண் இரண்டு கையையும் முன்னால் நீட்டி மாடு கறப்பது போலக் கறந்தாள். குட்டி இல்லை. மூலையில் சேணம் போட்ட ஒரு சின்னக் குதிரை.

"இன்னொரு தடவை."

மறுபடி குதிரை. மூன்றாவது தடவையும் குதிரை, ஆனால் இந்தத் தடவை அதற்கு ஒரு தொப்பி இருந்தது. டாக்டர் நசிரா என் போனை வாங்கி வரிசையில் அனுப்பினார். போன கையெல்லாம் சிரிப்புப் பரவியது.

"இப்ப அதே வாக்கியத்தை ரஷ்ய மொழில அடி."

அடித்தேன். மூலையில் குதிரை இல்லை. கெங்கேஷ் என்று எழுத்து வந்தது, நடுவில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு.

"ரஷ்ய மொழில கேட்டிருந்தா உங்க பேர் வந்திருக்கும், வரையறப்ப அதை விட்டுட்டுப் போயிருப்பீங்க" என்றார் எஜே. "தாய்மொழில கேட்டீங்க. அது குதிரையைக் கொண்டுவந்து நிறுத்திடுச்சு. நீங்க அதையும் பாத்து வரைஞ்சீங்க. இவங்க எல்லாரும் அதைத்தான் ஆன்மான்னாங்க."

ஆன்மாவைப் பாராட்டிய குழுவில் இரண்டு பேர் கூரையை ஆராய ஆரம்பித்தார்கள்.

"நான்தான் வரைஞ்சேன்!" கெங்கேஷ் கத்தினார். ரஷ்ய மொழியில் கத்தினார். அவர் வாயிலிருந்து அந்த மொழி வந்து அங்கே யாரும் கேட்டதில்லை. "முப்பத்தெட்டு நாள்! ஒவ்வொரு கோடும் என் கை! நீங்க பரிசோதிச்சுப் பாருங்க, எல்லாம் நெஜமான எண்ணெய் வண்ணம்!"

"வரைஞ்சது நீங்கதான், சரி" என்றார் டாக்டர் நசிரா. "யோசிச்சது யாரு?"

கெங்கேஷ் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மெதுவாகச் சொன்னார்.

"ஏப்ரல்ல அவ கதவு தொறந்திருந்துச்சு. பாதி முடிச்ச படம். நின்னு பாத்தேன். போன்ல புடிச்சேன். இதே மாதிரி முழுசாப் போட்டுக் குடு, என் பேரைப் போடுன்னு மெஷின்கிட்ட கேட்டேன். இப்படி ஒரு படத்துக்குக் கீழ என் பேர் இருந்தா எப்படி இருக்கும்னு பாக்கணும்னு தோணிச்சு. அவ்வளவுதான். அப்புறம் விட முடியல." அவர் யாரையும் பார்க்கவில்லை. "எனக்குக் கை இருக்கு. என்ன வரையறதுன்னுதான் ரொம்ப வருஷமா தெரியல."

அந்த ஆளின் மேல் எனக்கு இரக்கம் வந்தது. வரக் கூடாதுதான், வந்துவிட்டது.

எஜே என் குறிப்பேட்டை வாங்கிக் குழுவின் முன்னால் வைத்தார். "யார் படத்தை யார் திருடினாங்கன்னு கண்டுபிடிக்கச் சொல்லி கெங்கேஷ் பாய்கே கேட்டிருந்தார். கண்டுபிடிச்சாச்சு. அறிக்கை நாளைக்கு எழுத்துல வரும், பிழையில்லாம."

குழு கூடிப் பேச வேண்டியிருக்கவில்லை. டாக்டர் நசிரா தன் கைக்குட்டையில் ஏதோ மருந்தை நனைத்து, பிரதியில் தான் போட்ட சிவப்பு வட்டத்தைத் தானே துடைத்து எடுத்தார். "சுவர் உன்னோடதும்மா" என்றார்.

ஐசால்கின் பைக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்தாள். முகத்தை மூடிக்கொண்டு சத்தமாக அழுதாள். மூன்று வாரமாக அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எஜே கேட்டபோது கிமிஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவைத்தேன்.

"இந்தப் படத்தை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றார் குழுவில் ஒருவர், கெங்கேஷின் ஓவியத்தைக் காட்டி.

"இருங்க" என்றாள் ஐசால்கின்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த ஓவியத்தின் அருகே போனாள். மூக்கு வண்ணத்தில் படும் அளவுக்குக் குனிந்தாள். பிறகு என்னிடம் கை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். செயலி போட்ட மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தாள், மறுபடி ஓவியத்தைப் பார்த்தாள். அவளுக்குத் திருப்தி வர ஐந்து நிமிஷம் ஆனது.

"மலை மெஷினோடது. மேகம் மெஷினோடது. பொண்ணு, குதிரை, எல்லாம். ஆனா இந்தப் புல்லு மெஷினோடது இல்ல."

கெங்கேஷ் தலை நிமிர்ந்தார்.

"மெஷின் புல்லு பாருங்க, சீப்பால வாரிவிட்ட மாதிரி ஒரே பக்கம் படிஞ்சிருக்கு. இங்க ஒவ்வொரு புல்லும் வேற வேற பக்கம் திரும்பியிருக்கு. கீழ காய்ஞ்சிருக்கு, நுனி பச்சையா இருக்கு. சிலது மிதிபட்டு எழுந்து நிக்குது. இது யாரோ உக்காந்து பாத்த புல்லு."

"அது சும்மா" என்றார் கெங்கேஷ். "மெஷின் போட்டது புடிக்கல. நானா மாத்திட்டேன்."

"என்னோட புல்லைவிட நல்லா இருக்கு. சொல்றதுக்கே எனக்கு எரியுது." அவள் மூக்கை உறிஞ்சினாள். "உங்க மேல கோபம் போகல பாய்கே. ரொம்ப நாளைக்குப் போகாது. ஆனா எனக்கு நாப்பது மீட்டருக்குப் புல்லு வேணும். ஒருத்தியா என்னால முடியாது."

கூடத்தில் யாரோ இருமினார்கள். டாக்டர் நசிரா எஜேயைப் பார்த்தார், எஜே ஜன்னலைப் பார்த்தார்.

"என்னையா கூப்பிடற?" என்றார் கெங்கேஷ்.

"புல்லுக்கு மட்டும்."

"எதைப் பாத்துப் போடறது?"

"எந்தப் படத்தையும் பாக்காதீங்க. மேல ஜைலூவுல இப்ப நிக்குதே ஜூன் மாசப் புல்லு, அதைப் போடுங்க."

கெங்கேஷ் தொப்பியை மடியில் ஒரு சுற்றுச் சுற்றினார். "நான் ஜைலூவுக்குப் போனதே இல்லம்மா."

யாரும் சிரிக்கவில்லை, நான்கூட.

"அப்ப இந்தப் புல்லு எங்கே பாத்தது?"

"எங்க அடுக்குமாடிக்குப் பின்னால, வண்டி நிறுத்தற எடம். தகரக் கதவுக்குக் கீழ முளைச்சிருக்கும். மனசு சரியில்லைன்னா அங்க போய் உக்காந்துக்குவேன்."

ஐசால்கின் இன்னொரு தடவை குனிந்து அந்தப் புல்லைப் பார்த்தாள்.

"அதையே போடுங்க" என்றாள்.